ஈயப் பொட்டு வைத்த மத்தி டப்பாக்கள்

புஷ்பமேரிக்கு ஒருவரை அரைகுறையாக வெறுக்கத் தெரியாது.

1958ஆம் வருடத் தவக்காலம். திண்டுக்கல்லில் ஒரு மாணவியர் விடுதிக்கு அவள்தான் சமையல்காரி. வெள்ளிக்கிழமை கறி ஆகாது என்று, ஞானராஜ் மளிகைக் கடையிலிருந்து வந்த டப்பா மத்தியில் குழம்பு வைத்தாள். வாடை சற்றுத் தூக்கல்தான். டப்பா மீனென்றால் அப்படித்தான் இருக்கும் என்று ஞானராஜ் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். சாப்பிட்ட நாற்பது பெண்களும் பொழுது சாய்வதற்குள் வாந்தியெடுத்துச் சுருண்டார்கள். நல்லவேளை, உயிருக்கு ஒன்றுமில்லை.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் ஞானராஜ் ஊரே கேட்கச் சொன்னார்: "மீனு நல்ல மீனு. சமைச்ச கைதேன் அழுக்குக் கை."

திங்களன்று வேலை போயிற்று. கல்யாண வீடுகளிலும் அவளைக் கரண்டி தொட விடவில்லை.

அவள் அழவில்லை. தினமும் அந்தக் கடைக்கு எதிரே போய் நின்றாள். ஓட்டைக் குடங்களுக்கு ஈயம் பற்றவைக்கும் கருப்பணன் அடிக்கடி கடையின் பின்வாசலில் நுழைவதைக் கண்டாள். மளிகைக் கடையில் ஏது ஓட்டைக் குடம்? மறித்துக் கேட்டாள். சூதறியாத மனிதர், பெருமையாகவே சொன்னார்:

"டப்பா உப்பிப் போனா ஆணியால ஒரு குத்து. புஸ்ஸுனு காத்து போயிரும். ஒரு பொட்டு ஈயம், மேல லேபிளு. நம்ம வேல வெளிய தெரியாது தாயி."

உணவு இன்ஸ்பெக்டர் நூர் அகமது ஏற்கெனவே இரண்டு முறை வந்து, மீன் கெட்டிருந்தால் டப்பா உப்பியிருக்குமே என்று தேடி, தட்டையான டப்பாக்களையே பார்த்துத் திரும்பியவர். மூன்றாம் முறை புஷ்பமேரியும் கூடவே போனாள்.

"லேபிளை உரிங்க சார்."

உரித்தார். ஈயப் பொட்டு. அடுத்ததிலும் பொட்டு. கலப்படத் தடைச் சட்டப்படி முந்நூறு டப்பாக்கள் பறிமுதலாயின; ஞானராஜ் மேல் வழக்கும் பதிவாயிற்று. சோதனைக்கு ஒன்றைத் திறந்தார்கள் பாருங்கள், தாடிக்கொம்பு பஸ் அன்று நிறுத்தத்தில் நிற்காமலே பறந்தது. கடைத்தெரு ஈக்கள்கூட மயங்கி விழுந்தன.

மாஜிஸ்திரேட் உத்தரவுப்படி டப்பாக்களைக் குழியில் கொட்டிச் சுண்ணாம்பு போட்ட அன்று, வேடிக்கை பார்க்க ஊரே கூடியது. புஷ்பமேரி ஞானராஜுக்கு நேரே போய் நின்றாள்.

"யாரு கை அழுக்குக் கை?"

"ஓங் கையில குத்தமில்ல, மேரி" என்று முனகினார்.

"கோயில் வாசல்ல சொன்ன சத்தத்துக்குச் சொல்லுங்க."

மூன்று தடவை சொல்ல வைத்தாள். மூன்றாவது தடவை அவர் குரல் உடைந்தது. அது அவள் காதுக்குப் பாட்டாக இருந்தது.

மறுவாரம் கோயிலில் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியார் மன்னிப்பைப் பற்றிப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவளும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"மொதல்ல கோர்ட்டுத் தீர்ப்பு வரட்டும் சாமி. பொறவு யோசிப்போம்."