பம்புக்கு அடியில் பத்திரிகை

என்னிடம் இருப்பது என்னைவிட வயதான கார். அதன் பெட்ரோல் பம்பு இன்ஜினோடு சேரும் இடத்தில் எண்ணெய் ஒழுகியது. நடுவில் வைக்கும் பாக்கிங் நைந்துபோயிருந்தது. அந்த அளவில் சித்தூர்க் கடைகளில் கிடைக்கவில்லை. மனைவியின் மாமா வீட்டிலிருந்து தடித்த அட்டையில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்திருந்தது. அதையே வெட்டினேன். இனி ஒரு சொட்டு ஒழுகக் கூடாது என்ற வீம்பில் மூன்று வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து முடுக்கினேன்.

அந்தக் கல்யாணத்துக்கே திருப்பதிக்குக் கிளம்பினோம். சந்திரகிரிக்கு முன்னால் ஒரு மேட்டில் வண்டி இருமிவிட்டு நின்றது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காரையும் அதை எனக்கு விற்றவனையும் திட்டியபடியே பம்பைக் கழற்றினேன். இன்ஜினுக்குள் நீண்டு அதை இயக்கும் இரும்புக் கையில் நுனி மட்டும்தான் உரசித் தேய்ந்திருந்தது. மூன்று அட்டையும் சேர்ந்து பம்பை வெளியே தள்ளிவிட்டிருந்தன. கை உள்ளே எட்டாவிட்டால் பெட்ரோல் எப்படி ஏறும்?

"ஒண்ணு வெச்சா போதாதா? இவ்ளோ நேரம் வண்டியைத் திட்டிக்கினு இருந்தீங்களே!" என்று மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டை வீசிவிட்டு, மஞ்சள் தடவிய மூலை இருந்த ஒன்றை மட்டும் வைத்து மாட்டினேன். வண்டி அந்த மேட்டில் குதித்துக்கொண்டு ஏறியது.

கரி படிந்த கைகளோடு மண்டபத்துக்குள் நுழைந்தேன். மாமா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "பத்திரிகை வந்து சேர்ந்துச்சா? சேரலையோன்னு கவலைப்பட்டுக்கினு இருந்தேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள்: "வந்துச்சு மாமா. கார்லதான் கீது, பாக்கறீங்களா?"