அடியில் மண் படாத போத்தல்கள்

1. மூன்று போத்தல்

பழம்பொருள் வாங்கி விற்கும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, கறுப்புப் போத்தல் கறுப்பே அல்ல என்பதுதான். வெயிலில் பிடித்தால் கரும்பச்சை தெரியும். கண்ணாடிக்குள் குமிழிகள் இருக்கும், அடியில் கைவேலைத் தழும்பு இருக்கும். வெள்ளைக்காரத் துரைமார் குடித்து வீசியவை. பங்களாக்களின் பழைய குப்பைக்குழியில் கிடைக்கும். சில நேரம் மலையில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டும்போது மண்வெட்டியில் தட்டும்.

இரண்டாவதாக, கொண்டுவருகிறவனை நம்பாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பெருமாள் வரும்வரை.

நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பங்களாப் பூந்தோட்ட வேலை அவருக்கு. காலில் ஆபரேஷன் செய்த பிறகு மலை ஏற முடியாமல், கெஞ்சி வாங்கிய வேலை. பதுளையில் என் கடைக்கு ஓர் உரப்பையில் மூன்று போத்தல் கொண்டுவந்தார்.

கழுத்திலும் தோளிலும் செம்மண் கறை. அடியில் நாலு விரல் அளவுக்கு மட்டும் துப்புரவாக மினுங்கியது. குழியில் கிடந்ததென்றால் மண் எல்லாப் பக்கமும்தானே ஏறும்? யாரோ புதுப் போத்தலின் அடியைப் பிடித்துக்கொண்டு சேற்றில் முக்கியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

“எங்கய்யா எடுத்த?”

“பங்களாவுல வேணாம்னு சொன்னாங்க மொதலாளி. மண்ணுக்குள்ள தலைகீழா இருந்துச்சுங்க.”

“தலைகீழா நின்னு தவம் பண்ணுச்சாக்கும்?”

வெயிலில் பிடித்துப் பார்த்தேன். சுத்த அசல். அப்போதும் என் சந்தேகம் போகவில்லை, வேறு இடத்துக்குத் தாவியது. அசல் என்றால் பங்களா அலமாரியிலிருந்து கிளப்பியதுதான். ஆளைப் பார்த்தால் சாது. சாதுக்கள்தான் மோசம் என்பது அன்றைய என் கொள்கை.

“வச்சிட்டுப் போ. விசாரிச்சிட்டுச் சொல்றேன்.”

அவர் நொண்டியபடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனதும், எனக்குத் தெரிந்த தோட்டத்துப் பெரிய கிளாக்கருக்கு போன் போட்டேன். பெருமையாக வேறு சொன்னேன், கள்ளனைப் பிடித்துக் கொடுத்த மாதிரி.

2. பூப்பாத்தி

நாலாம் நாள், ஒப்பிட்டுப் பார்க்க அந்த மூன்று போத்தலையும் பையோடு எடுத்துக்கொண்டு, நானே தோட்டத்துக்குப் போனேன். நியாயம் கேட்க அல்ல; அலமாரியில் இன்னும் எத்தனை இருக்கிறது என்று பார்க்கத்தான்.

பங்களா வாசலிலேயே கால் நின்றுவிட்டது. பூப்பாத்தியைச் சுற்றி வரம்பாகக் கறுப்புப் போத்தல்கள், வரிசையாக, கழுத்து மண்ணுக்குள், அடி மேலே. பாதிப் பக்கம் பிடுங்கிவிட்டுப் புது சீமெந்துக் கல் பதித்திருந்தார்கள். மேலே நிற்கும் அடியை மழை கழுவிக்கொண்டே இருக்குமே, அங்கே எப்படி மண் நிற்கும்?

தோட்டத்துரையின் மனைவி, தொரசானி, வெளியே வந்தார். “பழைய போத்தலை எல்லாம் எடுத்துட்டுப் போன்னு நான்தான் சொன்னேன். ஆமா, பெருமாளை ஏன் மூணு நாளா காணோம்?”

என்னைக் கூட்டிவந்த கிளாக்கர் என்னைப் பார்த்தார். “மறுநாள் காலையில ஆள் பிரிக்கிற பெரட்டுல வச்சே, கான் வெட்டுக்கு மேமலைக்கு அனுப்பிட்டேன். நீங்கதானே சொன்னீங்க?”

எனக்கு முகம் எரிந்தது. தப்பு என்னுடையது என்று தொரசானி முன்னாலேயே சொன்னேன். மறுநாளே அவரைத் திரும்பப் பங்களா வேலைக்கு எடுப்பதாகச் சொன்னார்கள். அதைச் சொல்ல நானே மலை ஏறினேன்.

3. மேமலை

செங்குத்தான ஏற்றம். உச்சிக்குப் போவதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். பெருமாள் கானுக்குள் ஒரு காலை நீட்டியபடி மண் அள்ளிக்கொண்டிருந்தார். முழங்கால் வீங்கியிருந்தது. போத்தல் பையை அவர் பக்கத்தில் வைத்தேன். மூச்சு வாங்க வாங்க, நாளைக்கே பங்களா வேலைக்கு வரலாம் என்று மட்டும் சொன்னேன்.

மன்னிப்புக் கேட்பதற்குள் அவரே பேசினார்.

“ரெண்டு காலும் நல்லா இருக்குல்ல மொதலாளி? அப்பவும் இப்படி மூச்சு வாங்குது.”

சொல்லிவிட்டு மறுபடி மண் அள்ளினார்.

பெருமாள் இப்போது பங்களா வேலையில்தான் இருக்கிறார். அந்த மூன்று போத்தலும் தொழிலாளர் லயத்தில் அவர் வாசல் செவ்வந்திப் பாத்திக்கு வரம்பாக, அடி மேலே தெரிய நிற்கின்றன. ஆள் எங்கே எடுத்தேன் என்கிறாரோ, அங்கே போய்ப் பார்த்துவிட்டுப் பிறகு போனை எடுங்கள் என்றுதான் புதியவர்களுக்கு இப்போது சொல்கிறேன். அந்தப் போத்தல்களுக்கு மட்டும் நான் இன்றுவரை விலை கேட்கவில்லை. கேட்க எனக்கு முகமில்லை.