மூணிழுப்பாரும் அலாரப் பெட்டியும்

பேங்க் வாட்ச்மேனுக்குத் தெருவில் 'மூணிழுப்பார்' என்றுதான் பெயர். பூட்டைப் பூட்டினால் மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். முதல் இழுப்பு பேங்குக்கு, அடுத்தது மேனேஜருக்கு, மூன்றாவது கடவுளுக்கு என்பார். அவன் கிருபையால் இருபத்தாறு வருஷமாக அங்கே ஒரு குண்டூசிகூடக் காணாமல் போனதில்லை.

ஆனால் அந்தப் பழக்கம் வீட்டில் மனைவியின் உயிரை வாங்கியது. வெளியூர் பஸ் ஏறினால் போதும், இஸ்திரிப் பெட்டியை அணைத்தோமா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். பாதி வழியில் இறங்கித் திரும்பிவிடுவார். மச்சான் கல்யாணத்துக்கு அப்படித்தான் ஆயிற்று. இவர்கள் போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை மடக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது மனைவியின் தங்கை மகளுக்குக் கல்யாணம்.

"இந்தத் தடவை நீங்க இறங்கினா நான் இறங்க மாட்டேன். தங்கச்சி கேட்டா, அவரு இஸ்திரிப் பெட்டியோட குடும்பம் நடத்துறாருன்னு சொல்லிடுவேன்" என்றாள் அவள்.

இதைக் கேட்ட மருமகன் ஓர் அலாரப் பெட்டி வாங்கி வந்து மாட்டினார். "மாமா, இனிமே வீடே உங்க போன்ல. ஆள் நடமாடினா சைரன் அடிக்கும். இஸ்திரிப் பெட்டி பிளக்கை பஸ்ல இருந்தே அணைக்கலாம்."

பஸ் புறப்பட்டதும் மூணிழுப்பார் போனில் பொத்தானை அழுத்தினார். அணைந்தது என்றது போன். பழக்கதோஷம், மறுபடி அழுத்தினார். எரிகிறது என்றது. பதறிப்போய் மூன்றாம் தரம் அழுத்தினார். அணைந்தது.

பெட்டி சொல்வது நிஜம்தானா? மனம் கேட்கவில்லை. மாற்றுச் சாவி வைத்திருந்த பக்கத்து வீட்டுத் தையல்காரருக்குப் போன் செய்து, போய்ப் பார்க்கச் சொன்னார். அலாரத்தை நிறுத்த மறந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் போன் அலறியது. "அண்ணே, வீடு கத்துது! தெருவே கூடிடுச்சு! நான் திருடன் இல்லன்னு இதுகிட்டச் சொல்லுங்க!"

போனிலேயே சைரனை அணைத்தார். "பிளக்கைப் பாத்தியாப்பா?"

"பிளக்கு இருக்கட்டும். இஸ்திரிப் பெட்டியையே காணோம்ணே!"

மூணிழுப்பார் துள்ளி எழுந்தார். "திருட்டு! கண்டக்டர், வண்டியை நிறுத்துங்க!"

மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். மடியிலிருந்த பையைத் திறந்து காட்டினாள். துணிகளுக்கு நடுவே இஸ்திரிப் பெட்டி சாதுவாகப் படுத்திருந்தது.

"உங்களையும் நம்பல, உங்க மருமகன் பெட்டியையும் நம்பல. கையோட எடுத்துட்டு வந்துட்டேன்."

அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. இன்னொரு தரம் தொட்டார்.

"மூணாவதும் தொட்டுட்டுப் பேசாம உட்காருங்க."

கடவுளே என்று நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். முன்வரிசையிலேயே இடம். பொண்ணும் மாப்பிள்ளையும் மேடையேறும்போது அவருக்குச் சுருக்கென்றது: அந்தக் களேபரத்தில் தையல்காரர் கதவைப் பூட்டினாரா?

மெல்ல மனைவியைப் பார்த்தார். அவள் மேடையை விட்டுக் கண்ணை எடுக்காமல் அவர் போனைப் பிடுங்கி, பைக்குள் இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் வைத்தாள்.