திங்கட்கிழமையின் ஒன்பது நிமிடம்

சோன்கா குள்ளம். சிக்கனத்துக்குப் பேர்போன கப்ரோவோ ஊரின் காலுறை ஆலை வாசலில், வருகை நேரம் பதியும் பெட்டியில் அட்டையைத் தேய்க்க அவள் தினமும் எம்பிக் குதிப்பாள். பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை வந்து பார்த்தால் பெட்டி ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது. யார் செய்ததென்று யாரும் சொல்லவில்லை. வியாழன்தோறும் கணினிகளைப் பார்க்க வரும் மின்கோவின் சட்டைப் பையில் திருப்புளி இருப்பதை மட்டும் அவள் பார்த்திருக்கிறாள்.

பிறகு அதே பெட்டிதான் அவள் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

நாலு மணிக்கு மணி அடித்ததும் மற்றவர்கள் காப்பி குடித்து, புகைத்து, ஆற அமரக் கிளம்புவார்கள். சோன்கா நாலு பத்துப் பேருந்தை விட்டால் மழலைப் பள்ளி வாசலில் மகள் தனியாக நிற்பாள். அதனால் மணி அடித்த கையோடு அட்டையைத் தேய்த்துவிட்டு ஓடுவாள். நேரத்துக்கு முன்பே போய்விட்டாள் என்று இரண்டு முறை பதிவாகிவிட்டது. மூன்றாவது விழுந்தால் வேலை இல்லை என்று மேலாளர் கென்சேவ் சொல்லிவிட்டார்.

அதிலிருந்து அவள் ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை. கைப்பேசியைப் பார்ப்பாள், சுவர்க்கடிகாரத்தைப் பார்ப்பாள், மறுபடி கைப்பேசி. கோயிலில் மெழுகுத்திரி ஏற்றி, தெரியாமல் முந்திப் போயிருந்தால் பொறுத்துக்கொள் தாயே என்று மாதாவிடம் மன்றாடினாள். வியாழக்கிழமை மின்கோவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"ரெண்டும் என்னைக்கு?" என்று மட்டும் கேட்டார் அவர்.

"ரெண்டும் திங்கக்கிழமைதாண்ணே."

அடுத்த திங்களன்று, தன் முறை இல்லாத நாளில், மின்கோ வாசலில் வந்து நின்றார். மணி அடித்தது. சோன்கா அட்டையைத் தேய்த்தாள். அவர் கைப்பேசியில் நாலு மணி. பெட்டியில் மூன்று ஐம்பத்தொன்று.

நேரே கென்சேவின் அறைக்குப் போனார். பெட்டிக்கு நேரம் கொடுப்பது அங்கிருக்கும் கணினிதான். மின்சாரம் மிச்சமாகட்டும் என்று கென்சேவ் வெள்ளி மாலை அதன் மின்னிணைப்பையே பிடுங்கிவிட்டு, திங்கள் காலையில் செருகுகிறார். உள்ளே இருக்கும் பொத்தான் மின்கலம் ஓய்ந்துபோனதால் அந்த இரண்டு நாளில் கடிகாரம் பின்தங்கிவிடுகிறது. இரவில்தான் அது இணையத்தில் சரியான நேரம் கேட்டுத் திருத்திக்கொள்ளும். திங்கள் முழுக்கப் பொய், வியாழனன்று மெய்.

"பல்சக்கரம் தேயுமுன்னு நம்ம ஊர்க்காரங்க ராத்திரியில கடிகாரத்தை நிறுத்தி வைப்பாங்கன்னு நாடே கேலி பண்ணுது. நீங்க அதை நெசமாவே செஞ்சுட்டீங்களே சார்."

கென்சேவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் மின்கலத்தை மாற்றாதது தன் பிழை என்று மின்கோ தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூன்று பதிவும் அழிந்தன.

வசந்தத்தில் மின்கோ வர்னா நகரில் வேலை கிடைத்துக் கிளம்பினார். பேருந்து நிறுத்தத்தில் சோன்கா, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சா ஒரு பொட்டலத்தை அவர் கையில் வைத்தாள். படியில் கால் வைத்தவர் திரும்பினார்.

"இனிமே நேரம் ஒத்துவரலேன்னா, முதல்ல பெட்டியைச் சந்தேகப்படு, சோன்கா. உன்னை இல்லை."