நிழலில் உட்காரும் படிப்பு

போன வாரம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு எதிரே பஜ்ஜிக்காகக் காத்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் ஒரு பெண் போனைத் தேய்த்துத் தேய்த்து இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குக் கல்லூரி தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா, சட்னி போதவில்லை என்று கடைக்காரரோடு சண்டையில் இருந்தார். பஜ்ஜி வருவதற்குள் பெண் வேலையை முடித்துப் போனைப் பையில் போட்டுக்கொண்டாள். எனக்குப் பொறாமையாக இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமாகவும்.

அப்போதெல்லாம் இதற்கு வேன் வைத்துக்கொண்டு சென்னைக்குப் போவோம். நான் அரசுப் பள்ளியில் புதுக் கணக்கு வாத்தியார். சென்னை எனக்கு அத்துப்படி என்று நம்பி, பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் துணையாக என்னை ஏற்றிவிடுவார்கள். (உண்மையில் வழி தெரிந்தவர் டிரைவர்தான்.) வேன் முழுக்க எலுமிச்சை சாத வாசனை. இன்றைக்கும் அந்த வாசனை மூக்கில் ஏறினால் எனக்குப் பசிக்கு முன்னால் கட்-ஆஃப் மார்க்தான் ஞாபகம் வரும்.

அப்படி ஒரு வேனில் வந்தவர்தான் ஏழுமலை. திருமுக்கூடல் பக்கம் வேர்க்கடலை பயிரிடுபவர். துண்டைத் தலைப்பாகையாகக் கட்டாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. மகள் கோமதிக்கு சிவில் படிக்க ஆசை. மழை வந்தால் அவர்கள் ஊர்த் தரைப்பாலம் மூழ்கிவிடும். மற்ற பிள்ளைகள் லீவு என்று குதிக்கும்போது, பள்ளிக்கூடம் போக முடியவில்லையே என்று கோபப்பட்ட ஒரே ஜென்மம் அவள்தான். அப்பாவுக்கோ அவளைக் கம்ப்யூட்டர் படிக்கவைக்க ஆசை.

"வெயில்ல நிக்கற வேலை எங்கூட்லயே கீது சார். அதுக்கு இன்னாத்துக்கு மெட்ராஸ் வரைக்கும் போவணும்? எம் பொண்ணு நெழல்ல ஒக்காரணும்."

"நைனா, வெயிலு என்னை ஒண்ணும் பண்ணாது" என்றாள் கோமதி.

"என்னைப் பண்ணிச்சே" என்றார் அவர்.

எனக்கு இரண்டு பேரும் சொன்னது சரியாகவே பட்டது. ஆலோசனை சொல்லக் கூட்டிப்போனவனுக்கு இதைவிடப் பெரிய தர்மசங்கடம் உண்டா? ஜன்னல் பக்கம் திரும்பி வேடிக்கை பார்த்தேன்.

கவுன்சிலிங் அறைக்குள் பிள்ளையோடு ஒருவருக்குத்தான் அனுமதி. ஏழுமலை போனார். மகள் அழுதுகொண்டு வருவாள் என்று, கூட வந்திருந்த அவள் அம்மா வெளியே முன்கூட்டியே அழத் தொடங்கிவிட்டார். வந்தவளோ வாயெல்லாம் பல்லாக வந்தாள்.

"சிவிலு சார்!" என்றார் ஏழுமலை, அந்தப் படிப்பைத் தானே கண்டுபிடித்த மாதிரி.

"எப்படிங்க?"

"உள்ள மாட்டிக்கிற டிவில காலேஜ் சீட்டு கொறைஞ்சிக்கினே கீது. கம்ப்யூட்டராண்ட ஒக்காந்துக்கினு இருந்த அம்மா இன்னா வேணும்னு கேட்டுச்சி. இவ என்னையே பாக்குறா, வாயத் தொறக்கல. எனக்கு மனசு கேக்கல சார். சிவிலு படிச்சா வெயிலுக்குக் கொடை கிடை குடுப்பாங்களான்னு அந்தம்மாவக் கேட்டேன். கொடை இல்ல, மஞ்சா தொப்பி குடுப்பாங்கன்னு சிரிச்சிச்சி. தலைக்கு நெழல் வந்துட்ச்சி, அப்புறம் இன்னா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மரத்தடியில் உட்கார்ந்து எலுமிச்சை சாதத்தை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தீர்த்தோம்.

இப்போது அந்த அறை இல்லை, வேன் இல்லை. எல்லாம் போனுக்குள் போய்விட்டன. தரைப்பாலமும் போய் உயரமான பாலம் வந்துவிட்டது. அதை வேறு யாரோ கட்டினார்கள். கோமதி எங்கோ வேறு ஊர்க்காரர்களுக்குப் பாலம் கட்டிக்கொண்டிருக்கிறாள். போன மாதம் அந்தப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திப் பார்த்தேன். கீழே கடலைக் கொல்லையில் ஏழுமலை தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். குரல் கொடுத்தேன். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். தலையில் மகளின் பழைய மஞ்சள் தொப்பி. அந்தத் தலைப்பாகையைத்தான் காணோம்.