ஏழாம் நம்பர் மலையில் வெயில்

அப்புத்தளைச் சந்திக்குக் கொஞ்சம் கீழே, நிஸாம் நானாவின் கொமினிகேசன் கடையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார் நல்லையா. கூனிப்பாறைத் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கர். வாரம் ஆறு நாளும் செக்ரோல் என்கிற ஆள் கணக்குப் பேரேட்டுக்குள் தலையைக் கொடுத்துவிட்டு ஏழாம் நாளும் எழுத்து வேலையா என்று கேட்பவர்களுக்கு ஒரு சிரிப்பைத்தான் பதிலாகக் கொடுப்பார். நிஸாம் நானாவுக்கு மட்டும் விஷயம் தெரியும்.

விஷயம் ராசம்மா. நல்லையாவின் அக்கா. எண்பத்தோராம் ஆண்டு, தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய ஒப்பந்தத்தில் புருசன் வீட்டாரோடு கோச்சி ரயில் ஏறியவர். ஸ்டேசன் முழுக்க ஒப்பாரியாக இருந்த அந்தக் காலையில் ராசம்மா மட்டும் அழவில்லை. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பதினாறு வயதுத் தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கண்டிப்பாகச் சொன்னார்.

"நலம், நலமறிய ஆவல்னு எழுதி அனுப்பாத தம்பி. அத யாரு வேணும்னாலும் எழுதுவாங்க. தோட்டத்துல நடக்கிறத எழுது. எனக்கு யாராச்சும் வாசிச்சுக் காட்டுவாங்க."

எழுதினார். எந்த லயத்து வீட்டில் யாருக்குக் கல்யாணம், எந்தப் பீலியில் தண்ணீர் வற்றியது, யார் வீட்டு மாடு கன்று போட்டது, எல்லாம் எழுதினார். கோத்தகிரிப் பக்கமிருந்து யார் கையெழுத்திலோ பதில் வரும். தொண்ணூற்றொன்றில் அவர் போட்ட கடிதம், விலாசத்தில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. அதற்குப் பிறகு போட்டவையும் வந்தன. திரும்பிய கடிதங்களை அவர் பிரிக்கவே இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியுமே.

இரண்டாயிரத்து ஏழில், இன்டர்நெட்டில் இலவசமாக ஒரு பக்கம் தொடங்கலாம் என்று நிஸாம் நானா சொன்னபோது நல்லையாவுக்கு ஒரே யோசனைதான் வந்தது. விலாசம் தெரியாத ஆளுக்கும் போய்ச் சேருகிற கடிதம். அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் அக்காவின் பிள்ளைகள் படித்திருப்பார்கள். என்றைக்காவது ஒருநாள் அம்மாவின் தோட்டத்துப் பெயரைத் தட்டிப் பார்க்க மாட்டார்களா? பக்கத்துக்குக் 'கூனிப்பாறைக் கடிதங்கள்' என்று பெயர் வைத்தார். பழையபடி பீலியும் மாடும் கல்யாணமும் எழுதினார். பக்கத்தின் அடியில் வந்து போனவர்களைக் காட்டும் எண், நாளுக்கு ஏழு, எட்டு என்று ஊர்ந்தது.

மறு வருசம் மாசி மாதம், கொழும்பில் மூன்று நாள் கோர்ஸ் முடித்துவிட்டு வந்து சேர்ந்தான் நிஸாம் நானாவின் மருமகன் ஷிபான். நல்ல பிள்ளை, குறை சொல்லக் கூடாது. ஆனால் அந்த மூன்று நாளில் அவன் வாயில் ஏறிய சொற்கள் முப்பது வருசத்துக்குப் போதும். கீவேர்ட் என்பான், டிராஃபிக் என்பான், டார்கெட் ஓடியன்ஸ் என்பான். தமிழில் அர்த்தம் கேட்டால் இன்னொரு இங்கிலீசுச் சொல்லைச் சொல்லுவான். வாயாலேயே பந்தல் போட்டு அதன் கீழ் நம்மை உட்காரவும் வைத்துவிடுவான்.

நல்லையாவின் பக்கத்தைப் பார்த்ததும் அவனுக்கு நெஞ்சே பொறுக்கவில்லை. "அண்ணன், கூனிப்பாறைன்னு உலகத்துல யாருமே தேட மாட்டாங்க. அது நீங்க ஆளுக்கு ஆள் சொல்லிக்கிற பேரு. வின்பர்ன்னு இங்கிலீசுப் பேரைப் போடுங்க. டூரிஸ்ட், பங்களா, ஹில் கன்ட்ரின்னு வரிக்கு வரி வரணும். ஒரு நாளைக்கு ஐநூறு பேரு வருவாங்க."

அவன் சொன்னதிலும் பொய் இல்லை. துரைமார் வைத்த பெயர் ஒன்று, நம் ஆட்கள் வாயில் வழங்கும் பெயர் ஒன்று என்று எல்லாத் தோட்டத்துக்கும் இரண்டு பெயர். பெயர்ப்பலகையில் வின்பர்ன்தான் இருக்கிறது. கூனிப்பாறை எந்தப் பலகையிலும் இல்லை. நல்லையாவை மடக்கியது என்னவோ அந்த ஐநூறுதான். ஐநூறு பேர் வந்தால் அதில் ஒரு ஆள் அக்காவின் பிள்ளையாக இருக்காதா? ஏங்கிக் கிடக்கிறவனுக்குக் கணக்கு இப்படித்தான் ஓடும். அவர் தலையாட்டினார்.

ஷிபான் பெயரை மாற்றினான். பழைய கடிதங்களை மறைத்து வைத்தான். பீலி போய் 'எழில் கொஞ்சும் நீரோடை' வந்தது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களம் போய் 'மறக்க முடியாத அனுபவம்' வந்தது. எண் நூறானது, இருநூறானது, ஆனி மாதம் நானூற்றைத் தாண்டியது. கைக்கடிகாரம் விற்கிறவர்களும் முடி வளரத் தைலம் விற்கிறவர்களும் வந்து 'அருமையான பதிவு' என்று எழுதிவிட்டுப் போனார்கள். நல்லையா ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பெயர்களையெல்லாம் விரலால் தொட்டுத் தொட்டு வாசிப்பார். ஒன்றுகூடத் தெரிந்த பெயர் இல்லை. நாளுக்கு ஏழு பேர் வந்த காலத்தில் அவருக்கு இவ்வளவு தனிமையாக இருந்ததில்லை.

ஆவணியில் மீனாச்சி செத்துப்போனார். ராசம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்தெடுத்தவர். சாவு வீட்டிலிருந்து நேரே கடைக்கு வந்த நல்லையா, அதை எழுத வேண்டும் என்றார். சாவுச் செய்தி போட்டால் பிராண்டிங் கெட்டுவிடும் என்று ஷிபான் தயங்கினான். நல்லையா சத்தம் போடுகிற ஆள் இல்லை. அன்றைக்கும் போடவில்லை.

"தம்பி, சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும். ஆறு மாசமா நம்ம சட்டி காலியா இருக்கு. பழைய பேரையே வச்சிருங்க."

பக்கத்தில் பழுப்புத் தாளில் பில் எழுதிக்கொண்டிருந்த நிஸாம் நானா தலையைத் தூக்கி, அண்ணன் சொல்லுறத செய் என்று மருமகனிடம் சொல்லிவிட்டுத் திரும்பவும் குனிந்துகொண்டார். கூனிப்பாறை வந்தது. மறைத்த கடிதங்கள் வந்தன. கடைசியாக நல்லையா நாலு வரி எழுதினார். கூனிப்பாறை ஆறாம் லயத்து மீனாச்சி வெள்ளிக்கிழமை காலமானார். ஏழாம் நம்பர் மலையில் முப்பது வருசம் கொழுந்தெடுத்தவர். மழை பெய்துகொண்டிருந்தது. ஆனாலும் எல்லாரும் வந்திருந்தார்கள்.

எண் மளமளவென்று சரிந்து மறுபடி எட்டில் நின்றது. நாலாவது ஞாயிறு, மீனாச்சியின் செய்திக்குக் கீழே ஒரு குறிப்பு இருந்தது.

"நான் ராசம்மா மகள். கோத்தகிரிதான், வேற எஸ்டேட்டு. தை மாசம் கூனிப்பாறைன்னு தட்டிப் பாத்து இந்தப் பக்கத்தக் கண்டுபுடிச்சோம். அம்மாவுக்கு எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டினேன், ரெண்டு நாள் சாப்பிடல. பதில் எழுதலாம்னு அடுத்த மாசம் நெட் சென்டருக்கு வந்தா என்னமோ டூரிஸ்ட், பங்களான்னு இருந்துச்சு. அதையும் வாசிச்சேன். இது என் தம்பி எழுதினது இல்ல, வேற யாரோ, விட்டுருன்னு அம்மா சொல்லிட்டாங்க. மனசு கேக்காம நேத்து மறுபடி தட்டிப் பாத்தேன், பழைய கடிதமெல்லாம் திரும்ப வந்திருந்துச்சு. இப்ப மீனாச்சி சித்திக்காக அழுறாங்க. அம்மா ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொன்னாங்க மாமா. ஏழாம் நம்பர் மலைக்கு இன்னமும் வெயில் கடைசியாத்தான் வருதா?"

கீழே ஒரு போன் நம்பர் இருந்தது.

நிஸாம் நானா போனை எடுத்து நீட்டினார். நல்லையா வாங்கவில்லை. வெட்கமாக இருந்தது. இருபத்து மூன்று வருசமாக அந்தத் தோட்டத்து ஆபீசில் இருக்கிறார், ஏழாம் நம்பரில் எத்தனை கிலோ கொழுந்து என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். வெயில் எப்போது வரும் என்று அவருக்குத் தெரியாது. அக்கா கொழுந்தெடுத்த மலைக்கு ஒரு விடியற்காலையும் அவர் போனதில்லை.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு, பெரட்டுக் கலைந்ததும் கம்பளிகூட இல்லாமல் பெண்களின் பின்னாலேயே ஏறினார். கிளாக்கரய்யாவுக்கு என்ன ஆச்சு என்று அவர்கள் சிரித்தார்கள். எதிர் மலைகளெல்லாம் பளிச்சென்று வெளுத்த பிறகும் ஏழாம் நம்பர் நிழலிலேயே கிடந்தது. இலையில் நின்ற தண்ணீர் கால்சட்டையை நனைத்து எலும்பு வரைக்கும் போனது. பெண்களின் விரல்கள் சிவந்திருந்தன. பதினான்கு வயதிலிருந்து அக்கா இந்தக் குளிரில் நின்றுதான் அவரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பாறைக்கு மேலாக வெயில் வந்தபோது கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்படியே கடைக்கு இறங்கினார். நிஸாம் நானா நம்பரைப் போட்டுக் கொடுத்தார். அந்தப் பக்கம் யார் யாரோ பேசி, யாரையோ கூப்பிட்டு, கடைசியில் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. நல்லையா அக்காவின் கேள்விக்கே நேராகப் பதில் சொன்னார்.

"ஏழே முக்காலுக்குக்கா. எல்லா மலைக்கும் வந்த பொறகுதான் அங்க வருது."

ராசம்மா கேட்டார்.

"குளுருமே தம்பி. கம்பளி போட்டுக்கிட்டா போன?"

"போட்டுக்கிட்டுத்தான்க்கா போனேன்" என்றார் நல்லையா. அவருடைய கால்சட்டையிலிருந்து கடைத் தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.