எண்பத்தேழாம் பூத்து ராயப்பராஜ்

திண்டுக்கல்லிலிருந்து தாடிக்கொம்பு போகும் சாலையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் ராயப்பராஜுக்கு வருடங்கள் நினைவில் நிற்பதில்லை, தேர்தல்கள்தான் நிற்கும். கல்யாணம் எப்போது ஆனது என்று கேட்டால், அண்ணன் சுயேச்சையாக நின்று டெபாசிட்டைப் பறிகொடுத்த வருடம் என்பார். அண்ணன் கட்சியில் சேர்ந்து முதல்முறை ஜெயித்தபோது மகள் ஐரின் பிறந்தாள். அடுத்த முறை ஜெயித்தபோது கடை கீற்றுக் கொட்டகையிலிருந்து கட்டடத்துக்கு மாறியது. அதற்கடுத்து அண்ணன் தோற்றார். அந்த வருடம்தான் ராயப்பராஜின் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். பிறகு மறுபடி வெற்றி.

அண்ணன் என்றால் உடன்பிறந்தவர் இல்லை. சட்டமன்ற உறுப்பினர் சௌந்தரராசு. அவர் நின்ற எல்லாத் தேர்தலிலும் எண்பத்தேழாம் பூத்தில் அவருக்கு ஏஜென்டாக உட்கார்ந்தவர் ராயப்பராஜ். விடியுமுன் போய் மாதிரி வாக்குப்பதிவைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். மாலை வரை வாக்காளர் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு, வருகிறவர் பெயர் சொல்லுமுன் அவர் அப்பா பெயரைச் சொல்லுவார். அண்ணன் தோற்ற வருடத்தில்கூட எண்பத்தேழு அவரைக் கைவிட்டதில்லை.

இந்த முறை அண்ணன் ஜெயித்தார், வெறும் முந்நூற்றுப் பதினோரு ஓட்டில். ஏழெட்டு பூத்துகளில் பின்தங்கியிருந்தார்; எண்பத்தேழிலேயே தொண்ணூற்று நான்கு ஓட்டுக் குறைவு. ஓட்டுச் சீட்டுகளைக் கலந்து எண்ணிய காலம் போய்விட்டது. இயந்திரம் வந்த பிறகு எந்தத் தெரு என்ன செய்தது என்பது எண்ணிய அன்றே தெரிந்துவிடுகிறது.

ராயப்பராஜ் மாலை போடப் போனபோது அண்ணன் மாலையை வாங்கிப் பக்கத்தில் நின்ற பி.ஏ. அமலனிடம் கொடுத்தார். குரலை உயர்த்தவில்லை.

“ஞாயித்துக்கெழம வா ராயப்பா. உள்ளருந்து வெட்டுனது யாருன்னு ஒரே ஒரு பேரு சொல்லு. சொல்ல முடியலன்னா, அது நீதான்னு நான் எடுத்துக்கிறேன்.”

இருபத்தைந்து வருடம் உட்கார்ந்த நாற்காலி அந்த ஒரு பெயரில் தொங்கியது. அன்றிலிருந்து ராயப்பராஜின் பார்வையே மாறிப்போனது. எதிரில் வருகிறவர் முந்திக்கொண்டு வணக்கம் சொன்னால், எதையோ மறைக்கிறார். சொல்லாமல் போனால், குற்ற நெஞ்சு. கோவிலில் பூசை முடிந்து வெளியே வந்தவர்களில் யார் யாரோடு நின்று பேசினார்கள் என்று பார்த்தார். இரண்டு பேர் அவரைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். அவர்கள் எப்போதும் அப்படித்தானா, இப்போதுதானா என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

கடையில் காயில் சுற்றுவதை விட்டுவிட்டுப் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டார். நம்ம ஆளுக்கு ஒரு கோடு, அவங்க ஆளுக்கு ஒரு புள்ளி, சந்தேகத்துக்கு ஒரு வட்டம். புதன்கிழமைக்குள் பக்கமெல்லாம் வட்டம்.

எதிர்க்கடை ஜெகபர் அலி டீயோடு வந்தார். தோல் செருப்பு வியாபாரம். இருபது வருடப் பழக்கம். எட்டிப் பார்த்துவிட்டு, “என்னண்ணே, இது ஓட்டர் லிஸ்ட்டா, போலீஸ் தேடுறவன் லிஸ்ட்டா?” என்றார்.

ராயப்பராஜ் சிரிக்கவில்லை. ஓட்டுப் போட வந்தபோது பாய் தன் பக்கம் திரும்பாமலே போனது அப்போதுதான் ஞாபகம் வந்தது. எப்போதும் கண்ணடித்துவிட்டுப் போகிற மனுஷன். போன மாதம் அவர் கடை வாசலில் எதிர்க்கட்சிக்காரனின் வண்டி நின்றதும் ஞாபகம் வந்தது. செருப்பு வாங்கத்தான் வந்தான் என்றார்கள். செருப்புத்தானா?

சனிக்கிழமை பொழுது சாய, வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினார். ஜெகபர் அலி, செருப்புக்கடை. எழுதியதை மறுபடி ஒருமுறை படித்துப் பார்த்தார்.

சோறு போட வந்த மனைவி லூர்தம்மாள் தாளைப் பார்த்துவிட்டாள். வெஞ்சனக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“அந்த மனுஷன் என்ன செஞ்சாரு பாவம்? எழுதுறதுன்னா எம்பேர எழுதுங்க.”

அவர் நிமிர்ந்தார். அவள் உட்காரவில்லை, நின்றபடியே சொன்னாள்.

தெருவின் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் கதை அது. அண்ணன் இரண்டாம் முறை ஜெயித்த அந்தத் தேர்தலுக்குச் சற்று முன் மோட்டார் எரிந்துபோனது. பேரூராட்சியில் எழுதிக் கொடுத்தும் ஆள் வரவில்லை. தண்ணீரில்லாத தெரு ஓட்டுப் போடாது என்று பயந்த ராயப்பராஜ், மோட்டாரைத் தன் கடைக்குத் தூக்கிப்போய்க் காயில் கட்டி மாட்டிவிட்டு, அண்ணன் போன் போட்டார், உடனே நடந்தது என்று தெருவுக்குச் சொன்னார். அதன்பின் மோட்டார் எத்தனை முறை எரிந்ததோ, அத்தனை முறையும் அதே வேலை, அதே பொய். லூர்தம்மாளுக்குத் தெரியும். வாயைத் திறந்ததில்லை.

இந்த முறை பிரச்சார வேன் தெருவுக்குள் வந்தது. அண்ணன் மைக்கைப் பிடித்து, இந்தத் தெருவை ஒருநாளும் தவிக்கவிட்டதில்லை, நீங்கள் குடிக்கிற தண்ணீர் நான் கொடுத்தது என்றார். பக்கத்தில் நின்று ராயப்பராஜ் தலையாட்டினார்.

“நீங்க ஆட்டுன ஆட்டத்தப் பாத்துத்தான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு” என்றாள் லூர்தம்மாள். “மறுநா குழாயடியில சொல்லிப்புட்டேன். அம்புட்டுத் தண்ணியும் எம்புருஷன் கையால வந்ததுன்னு. ரெண்டு பேருகிட்டதான் சொன்னேன்.”

இரண்டு பேரிடம் சொன்னால் போதும், அந்தத் தெருவுக்கு.

“உன் ஓட்டு?”

“அது எதுக்கு உங்களுக்கு? அங்கயும் ஏஜென்டா?”

அவர் சாப்பிடவில்லை. தாளைக் கிழித்தார். இத்தனை தேர்தலாக அண்ணனுக்கு விழுந்த ஓட்டு யாருக்கு விழுந்த ஓட்டு என்று யோசிக்கத் தொடங்கி, அந்த யோசனைக்கே பயந்து நிறுத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அலுவலக வராந்தாவில் பின்தங்கிய மற்ற பூத்துகளின் ஏஜென்டுகளும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு மடித்த தாள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எதிரில் இருப்பவன் தாளில் தன் பெயர் இருக்குமோ என்கிற பயம். அமலன் கதவைத் திறந்து ராயப்பராஜைக் கூப்பிட்டான்.

“பேரு?” என்றார் அண்ணன்.

“நான்தாண்ணே.”

“யாரக் காப்பாத்துற?”

ராயப்பராஜ் மோட்டார் விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார். மனைவி குழாயடியில் பேசியதை மட்டும் விட்டுவிட்டு, எப்படியோ தெருவுக்குத் தெரிந்துவிட்டது என்றார். அண்ணன் குறுக்கிடாமல் கேட்டார். மூன்றாவது தடவை காயில் கட்டியதைச் சொன்னபோது அவர் கண் அமலன் பக்கம் போய் வந்தது. நெகிழ்ந்துவிட்டாரோ என்று ராயப்பராஜுக்கு ஒரு கணம் தோன்றியது.

“இம்புட்டு வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.”

“சொல்லணும்னு தோணலண்ணே.”

“தோணாது. தெருவுக்கே தண்ணி குடுத்துருக்க. இப்ப பாத்து அதத் தெருவுக்குத் தெரியவும் விட்டுருக்க.” அண்ணன் நாற்காலியில் சாய்ந்தார். “உள்ளாட்சித் தேர்தல் வருது. கவுன்சிலருக்கு நிக்கப் போறியா, இல்ல வீட்டம்மாவ நிறுத்தப் போறியா?”

ராயப்பராஜ் இல்லை என்றார். மறுபடியும் இல்லை என்றார். எவ்வளவுக்கெவ்வளவு அழுத்திச் சொன்னாரோ அவ்வளவுக்கவ்வளவு அது பொய்யாகக் கேட்டது, அவர் காதுக்கே.

“எவன் உன்னத் தூண்டிவிடுறான்னு நான் கண்டுபிடிச்சுக்கிறேன். லிஸ்ட்ட அமலன்கிட்ட குடுத்துட்டுப் போ.”

கையோடு கொண்டுவந்திருந்த, கோடும் புள்ளியும் வட்டமுமான பட்டியலை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார். பெஞ்சின் முனையில் இருந்தவர் பக்கத்து ஊர்ப் பூத்து ஏஜென்ட். பல கூட்டங்களில் கூட உட்கார்ந்து சாப்பிட்டவர். நகர்ந்து இடம் கொடுத்து, வாயசையாமல் கேட்டார்.

“யாரு பேரச் சொன்னீக?”

“எம்பேரத்தான்.”

அவர் ராயப்பராஜின் முகத்தைச் செத்த நேரம் ஆராய்ந்தார். பிறகு கையிலிருந்த தாளை எடுத்துச் சட்டைக்குள் ஆழமாகத் திணித்துக்கொண்டு, முன்பிருந்த இடத்துக்கே திரும்ப நகர்ந்து உட்கார்ந்தார்.

“சொல்ல இஷ்டமில்லன்னா விடுங்க” என்றார்.